படிப்பகத்துக்கு இரண்டே நாளிதழ்கள்: சார்பை எப்படி எடைபோடுவது?

கேள்வி: மேலூர் வாசகர்

மேலூருக்கு அருகில் எங்கள் ஊர் இளைஞர்கள் நடத்தும் படிப்பகத்துக்கு இதுவரை நான்கு நாளிதழ்கள் வந்தன. சந்தாப் பணம் குறைந்துவிட்டதால் இனி இரண்டுதான் வாங்க முடியும். எவற்றை நிறுத்துவது என்று பேசக் கூடிய கூட்டம், எந்த இதழ் எந்தக் கட்சியின் பக்கம் என்ற வாக்குவாதத்தில் முடிந்தது. 'ஒன்றிய அரசு' என்று எழுதும் இதழ் ஒரு சாராருக்கு ஆகவில்லை. 'மத்திய அரசு' என்று எழுதுவது மறு சாராருக்கு ஆகவில்லை. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்துப் போராடிய மாதங்களில், எங்கள் மக்கள் கண்ணால் கண்டதும் அச்சில் வந்ததும் வேறு வேறாக இருந்தன என்ற கசப்பும் இதற்குள் இருக்கிறது. எங்களிடம் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். சார்புள்ள செய்தியையும், நமக்குப் பிடிக்காத செய்தியையும் பிரித்தறிய அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில் 1: ஓய்வுபெற்ற நாளிதழ் உதவி ஆசிரியர், மதுரை

ஐயா, பொய்யை அச்சிட்டுச் சார்பு காட்டுவது அரிது. உண்மைகளில் எதை எங்கே வைப்பது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் அது பெரும்பாலும் நடக்கிறது. உங்கள் அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் டெல்லிக்குக் கொடுத்தது. 2024 நவம்பர் 7 அன்று ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் அருகே உள்ள நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி மக்கள் பேரணியாகச் சென்றனர். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. ஏலம் முடியும்வரை மாநில அரசு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்றது சுரங்க அமைச்சகம். 2023 அக்டோபரிலேயே கடிதம் எழுதியதாகச் சொன்னது மாநில அரசு.

இந்தத் தேதிகளில் எதிலிருந்து கதையைத் தொடங்குகிறோமோ அதற்கேற்பக் குற்றவாளி மாறிவிடுவார். சட்டத் திருத்தத்திலிருந்து தொடங்கினால் ஒருவர். ஏலத்துக்கு முந்தைய மாதங்களின் மௌனத்திலிருந்து தொடங்கினால் இன்னொருவர். ஜனவரி 7ஐ இரண்டு வரியில் முடித்துவிட்டாலோ, நடந்தே வந்த விவசாயிகள் மறைந்து, இரண்டு அரசுகளின் சண்டை மட்டும் மிஞ்சும். எதிரெதிர் முகாம் இதழ்கள்கூட ஒன்றுபோலச் செய்யக்கூடிய பிழை இது; கட்சிச் சார்பைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

பிள்ளைகளை வினைச்சொற்களின் கீழ் கோடிடச் சொல்லுங்கள். ஒரே பேச்சை ஒருவர் 'விளக்கினார்' என்றும், இன்னொருவர் 'மழுப்பினார்' என்றும் எழுதலாம். நிருபர் 'விளக்கினார்' என்று அனுப்பியதை, மேலிடத்தின் மனம் அறிந்து 'சமாளித்தார்' என்று நானே திருத்திய இரவுகள் உண்டு. அதற்காக இன்றும் வருந்துகிறேன். 'அரசியல் வட்டாரத்தில் பேசப்படுகிறது' என்று வந்தால், பேசியவர் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். 'ஒன்றிய', 'மத்திய' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து இதழைத் தள்ளிவிடாதீர்கள்; அதற்குக் கீழே உள்ள நான்கு பத்திகளையும் படித்த பிறகே எடைபோட வேண்டும்.

பதில் 2: வழக்கறிஞர், தல்லாகுளம்

முழுப்பக்க அரசு விளம்பரம் வந்த நாளில், அந்த அரசைப் பற்றிய குறைச் செய்தி எந்தப் பக்கத்தில் வந்தது என்பதையும் பாருங்கள். ஒரு செய்தி உண்மைக்கு மாறானது என்று உறுதியாகத் தெரிந்தால், முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். திருத்தம் வராவிட்டால் இந்திய பிரஸ் கவுன்சிலிடம் முறையிடலாம். நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த அமைப்பு எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும். அபராதம் விதிக்க முடியாது.

பதில் 3: செல்லூர் வாசகி

கட்சி இதழ்களை ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நம் மதுரையிலிருந்தே வரும் தீக்கதிர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடு என்பது அனைவருக்கும் தெரியும். அதைத் தெரிந்தே படிக்கிறோம். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு சாய்வதைவிட அது நேர்மையானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2007 மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காகத் தினகரன் நாளிதழின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அந்தக் கணிப்பை நான் ஏற்றேனா இல்லையா என்பது வேறு. உங்கள் கூட்டத்தில் யாராவது இதழைக் கிழித்தெறிய எழுந்தால், அந்த மூவரையும் நினைவூட்டுங்கள்.

மீண்டும்: மேலூர் வாசகர்

அனைவருக்கும் நன்றி. எதிரெதிர்ப் பக்கம் சாயும் இரண்டு இதழ்களை வாங்கலாம் என்று அடுத்த கூட்டத்தில் முன்வைக்கப்போகிறேன். வாரம் ஒரு செய்தியை இரண்டிலிருந்தும் வெட்டி, பலகையில் அருகருகே ஒட்டி, வினைச்சொற்களைப் பிள்ளைகளே அடிக்கோடிடட்டும். ஜனவரி 7 பேரணியில் நடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். முதல் வாரம் அந்தச் செய்தியை ஒட்டி, அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வோம்.