புதுப்பிப்பு: ஏ2 அளவு 28 என்று வந்த அந்த அறிக்கை

சென்ற மாதம் ஒரு கேள்வி போட்டிருந்தேன். அசாமிலிருந்து சென்னைக்கு வந்து வேலை செய்யும் ஒரு கர்ப்பிணியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 (எல்லாருக்கும் சிறிதளவே இருக்கும் ஒரு வகை ஹீமோகுளோபின்) 28 சதவீதம் என்று, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எங்கள் எச்பிஎல்சி கருவி காட்டியது. இது பீட்டா தலசீமியாவா (ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பரம்பரைக் கோளாறு) என்று. "ஏ2 அவ்வளவு ஏறாது, அது ஹீமோகுளோபின் ஈ" என்று அடித்துச் சொன்னவர்களுக்கு நன்றி. அதேதான்: பரம்பரையாக வரும், சற்றே மாறிய ஒரு ஹீமோகுளோபின்.

மீதமிருந்த ரத்தத்தை, கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸ் (மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிக்கும் முறை) கருவி உள்ள வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வரைபடத்தில் இரண்டு சிகரங்கள் தனித்தனியே நின்றன: ஈ 25 சதவீதம், ஏ2 3.4 சதவீதம்.

எங்கள் கருவியைக் குறை சொல்ல முடியாது. ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியின் 26ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் என்ற அமினோ அமிலம் உட்கார்ந்தால் அது ஈ. நேர்மின்னூட்டம் கூடிவிடுவதால் கருவியின் குழாயில் அதிக நேரம் ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஏ2 வெளிவரும் அதே நேரத்தில் வெளிவருகிறது. கருவி நேரத்தைப் பார்த்துப் பெயர் சூட்டுகிறது, அவ்வளவுதான். 28க்குப் பக்கத்தில் அது எச்சரிக்கைக் குறியும் போட்டிருந்தது. அவசரத்தில் நான்தான் பார்க்கவில்லை.

ஈ மரபணு ஒரு பிரதி மட்டும் இருப்பதால் அந்தப் பெண்ணுக்குத் தொல்லை இல்லை. கணவர் பீட்டா தலசீமியா கடத்தியாக (நோயில்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவராக) இருந்தால் குழந்தையைப் பற்றிக் கவலை. நேற்று அவருக்கும் பார்த்தோம்: ஏ2 2.7, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 86; இரண்டும் இயல்புதான். மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

கருவியின் மீது இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "ஏ2 10ஐத் தாண்டினால் கையெழுத்துப் போடாதே."