விண்டோஸ் எக்ஸ்பியில் மின்னஞ்சல் பக்கம் திறக்கவில்லை: உதவி தேவை

திருநெல்வேலியில் உள்ள எங்கள் அச்சகத்தின் பெரிய ஸ்கேனருக்கு எக்ஸ்பி டிரைவர் (ஸ்கேனரை இயக்கும் மென்பொருள்) மட்டுமே இருப்பதால், பென்டியம் 4 செயலியும் 1 ஜிபி ரேமும் கொண்ட பழைய கணினியிலிருந்தே கோப்புகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி வந்தோம். தீபாவளிக்குப் பிறகு அது முடியவில்லை. 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால், வங்கி வேலை எதையும் அதில் செய்வதில்லை.

சர்வீஸ் பேக் 3 (எக்ஸ்பியின் கடைசிப் பெரிய புதுப்பிப்பு), தேதி, நேரம் எல்லாம் சரியாக உள்ளன. குரோம் 49இல், தளம் நம்பகமானதா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்னும் சான்றிதழ்ப் பிழை வருகிறது. பல தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 சான்றிதழை நிறுவிய பின்னும் சில தளங்களே திறந்தன. சான்றிதழ்களைத் தன்னிடமே வைத்திருக்கும் ஃபயர்பாக்ஸ் 52.9இல் அந்தப் பிழை இல்லையென்றாலும், புதிய ஜாவாஸ்கிரிப்ட்டைக் கையாள முடியாமல் பக்கம் வெறுமையாக நிற்கிறது. எக்ஸ்பியிலும் இயங்கும் மைபால் 68 என்ற உலாவி பக்கத்தைக் காட்டினாலும், கோப்பை இணைக்கும்போது ரேம் நிரம்பி உறைந்துவிடுகிறது.

எக்ஸ்பியை மாற்றாமல், இந்த 1 ஜிபி ரேமுக்குள் மின்னஞ்சலில் கோப்பு இணைத்து அனுப்பும் அளவுக்கு நிலையாக இயங்கும் உலாவி எது?