5 வயசான செடான்: இப்பவே வித்துடலாமா, 10 வருஷம் வரைக்கும் ஓட்டலாமா?

செங்காங்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல 2020 நவம்பர்ல பதிவான 1.6 செடான் ஒண்ணு வச்சிருக்கேன், ஜப்பான் காடி (கார்), புதுசா 88,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) எடுத்தது. ஓஎம்வி (இறக்குமதி மதிப்பு) 16,000, ஏஆர்எஃப்பும் (கூடுதல் பதிவுக் கட்டணம்) 16,000, சிஓஇ (10 வருஷம் ஓட்டுறதுக்கு ஏலத்துல எடுக்கிற உரிமை) 38,000. இது 2025 அக்டோபர், அடுத்த மாசம் 5 வருஷம் முடியுது. கூட வேலை பாக்குறவர் ஒருத்தர், 5 வருஷம் முடியறதுக்குள்ள வித்துடு, தாண்டிட்டா பார்ஃப் (10 வருஷத்துக்குள்ள ஸ்கிராப் பண்ணா ஏஆர்எஃப்ல திரும்பக் கிடைக்கிற பங்கு) 75 சதவீதத்துலேர்ந்து 70க்கு இறங்கிடும், அப்புறம் விலை விழுந்துகிட்டேதான் இருக்கும்னு சொல்லிகிட்டே இருக்காரு. டீலர் ஒருத்தர்கிட்ட காட்டினேன், 63,000 தர்றேன்னாரு, ஆனா அதே வருஷம் அதே மாடல ஆன்லைன்ல 70,000க்குப் போட்டிருக்காங்க. திருச்சியில இருக்கிற மச்சான்கிட்ட சொன்னா அவரு நம்பவே மாட்டேங்கிறாரு, 90,000 கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு யாரு இவ்வளவு குடுப்பாங்க, உடனே காசை வாங்கிக்கங்க மாப்ளேங்கிறாரு. எனக்கு வேலை துவாஸ்ல, ஷிப்ட் டூட்டி, காலையில அஞ்சரைக்கெல்லாம் கிளம்பணும். வித்துடலாமா, வச்சுக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊபி அண்ணன்:

தம்பி, பழைய காடி வாங்கி விக்கிற தொழில்ல ரொம்ப வருஷம் இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. மச்சான் சொல்றது அங்க சரி, இங்க சரி வராது. இங்க காடியோட பெரும்பங்கு விலை இரும்புலயும் இன்ஜின்லயும் இல்ல, 10 வருஷம் ரோட்டுல ஓட்டுற உரிமையில இருக்கு. அந்த உரிமை நீங்க ஓட்டினாலும் கார்பார்க்ல சும்மா போட்டு வச்சாலும் ஒரே வேகத்துல கரையும். உங்க 38,000ஐ 120 மாசத்தால வகுத்துப் பாருங்க, மாசம் 317 வெள்ளி கிட்ட வருது, அது மீட்டரைப் பாத்து குறையறதில்ல. காக்கி புக்கிட்ல ஒரு டீலர்கிட்ட போனீங்கன்னா அவர் பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி லாக் கார்டைத்தான், அதாவது காடியோட பதிவு விவரத்தைத்தான் கேப்பாரு. அதுல ஓஎம்வி, ஏஆர்எஃப், சிஓஇ முடியற தேதி, எத்தனை கை மாறியிருக்குன்னு பாத்துட்டு போன்ல கால்குலேட்டரைத் திறப்பாரு, விலையில கடைசியில கிடைக்கிற பார்ஃபைக் கழிச்சு மிச்சமிருக்கிற வருஷத்தால வகுப்பாரு. அதுதான் வருஷத்து டிப்ரிசியேஷன், அந்த ஒரு நம்பர்லதான் மொத்த மார்க்கெட்டும் பேசுது. அதுக்கப்புறம்தான் காடியைச் சுத்தி வந்து கதவு இடுக்குல பெயிண்ட் மாறியிருக்கான்னு தடவிப் பாப்பாரு.

இப்ப உங்க காடி. பத்தாவது வருஷக் கடைசியில ஸ்கிராப் பண்ணா ஏஆர்எஃப்ல 50%, அதாவது 8,000. டீலர் சொன்ன 63,000ல 8,000 போக 55,000, 5 வருஷத்துக்கு வருஷம் 11,000. ஆன்லைன்ல 70,000 போட்டிருக்கிறவர் கேக்கறது வருஷம் 12,400. நடுவுல இருக்கிற 7,000ல டீலரோட லாபம் இருக்கு, பாலிஷ், சர்வீஸ், விக்காம நிக்கிற நாளுக்கு ஆகுற செலவு எல்லாம் இருக்கு, அதோட போட்டிருக்கிற விலைக்கே யாரும் வாங்கறதில்ல, பேசிக் குறைப்பாங்க.

அந்த 75, 70 பயத்தை முதல்ல விடுங்க. 5% போனா உங்களுக்குப் போறது 800 வெள்ளி, அதுவும் காடியை இப்பவே டீரெஜிஸ்டர் பண்ணா, அதாவது பதிவை ரத்து பண்ணாத்தான். இப்ப ஸ்கிராப் பண்ணா பார்ஃப் 12,000, மிச்ச 5 வருஷ சிஓஇக்குத் திரும்பி வர்றது 19,000, ஆக பேப்பர் வேல்யூ 31,000. மார்க்கெட்ல 63,000 கிடைக்கிற காடியை யாரு 31,000க்கு ஸ்கிராப் பண்ணுவா? வாங்குறவர் கடைசி வருஷ 50% வச்சுத்தான் கணக்குப் போடுறாரு, அது அடுத்த மாசமும் அதே 8,000தான்.

உண்மையில நடந்தது வேற. நீங்க எடுத்தப்போ இருந்த கணக்குப்படி 88,000ல 8,000 போக வருஷம் 8,000 தேயணும். ஆனா இந்த 5 வருஷத்துல தேஞ்சது 25,000 தான், வருஷம் 5,000. காரணம் கேட் ஏ (உங்களோடது மாதிரி சின்ன காடிகளுக்கான பிரிவு) சிஓஇ ஏறி ஒரு லட்சத்தைத் தாண்டினதுதான். புதுக் காடி விலை ஏறுனா பழைய காடி அதுகூடவே ஏறும். ஆனா அந்த லாபம் கையில நிக்காது தம்பி, வச்சுக்கிட்டீங்கன்னா அடுத்த 5 வருஷத்துல 63,000 வெறும் 8,000 ஆகிடும், அதாவது இனிமே நீங்க ஓட்டப்போறது வருஷம் 11,000 செலவாகுற காடி. இதை யாரும் எடுத்துச் சொல்றதில்ல, வாங்கினப்போ மலிவா எடுத்தோம்னு நெனச்சுகிட்டே ஓட்டுறாங்க.

அப்ப வித்துடலாமான்னு கேட்டா, வித்துட்டு என்ன பண்ணப் போறீங்கங்கிறதுதான் கேள்வி. இதே மாதிரி புதுசு இன்னைக்கு ஒன்றரை லட்சத்துக்குக் குறைஞ்சு கிடைக்கிறது கஷ்டம். 165,000ன்னு வச்சுகிட்டு பார்ஃப் 10,000 கழிச்சாலும் வருஷம் 15,500 ஆகுது. காடியே வேண்டாம்னா இன்னைக்கே வில்லுங்க, நல்ல விலை. காடி வேணும்னா உங்க கையில இருக்கிறதைவிட மலிவா இன்னைக்கு எதுவும் கிடைக்காது, பழசு வாங்கப் போனாலும் அதே வருஷம் 12,000 கணக்குதான், அந்தக் காடியோட சரித்திரம் தெரியாம வாங்கணும் வேற.

ஜூரோங் அக்கா:

அண்ணன் சொன்னது சரிதான், ஒரு விஷயம் சேத்துக்கறேன். சிஓஇ எப்பவும் ஏறிகிட்டே இருக்கும்னு நெனக்காதீங்க. 2008 நவம்பர்ல கேட் ஏ வெறும் 2 வெள்ளிக்கு இறங்குச்சு. 2013 ஜனவரில 92,000ஐத் தாண்டுச்சு, அப்புறம் 2018, 2019ல 25,000, 30,000ன்னு கிடந்துச்சு. உச்சத்துல எடுத்தவங்க 5 வருஷம் கழிச்சு விக்கப் போனப்போ புதுக் காடியே மலிவா கிடைச்சுது, இவங்க பழசை யாரும் திரும்பிப் பாக்கல. ஆனா அவங்களுக்கு ஒரு பிடிமானம் இருந்துச்சு, கட்டின சிஓஇ அதிகம்கிறதால மிச்ச மாசத்துக்குத் திரும்பி வர்ற காசும் அதிகம், 92,000 கட்டினவங்களுக்கு பாதியில 46,000, அதனால டீரெஜிஸ்டர் பண்ணிட்டு புதுசு எடுத்தாங்க. செங்காங் தம்பி, உங்க நிலைமை இதுக்கு நேர் எதிர். உங்க பேப்பர் வேல்யூ 31,000 தான், மேல இருக்கிற 32,000 முழுக்க இன்னைக்கு சிஓஇ நிக்கிற உயரத்தை நம்பி இருக்கு. சிஓஇ விழுந்தா முதல்ல கரையறது அதுதான்.

விழுமான்னா, கார் எண்ணிக்கை வளர்ச்சி 2018 பிப்ரவரிலேர்ந்து 0%, புது சிஓஇ வரணும்னா பழைய காடி ரோட்டை விட்டுப் போகணும். 2015லேர்ந்து 2018 வரைக்கும் நிறைய காடி பதிவாச்சு, அதுக்கெல்லாம் இப்பத்தான் வரிசையா 10 வருஷம் முடியுது, அதோட 2025 பிப்ரவரிலேர்ந்து சில வருஷத்துக்கு 20,000 சிஓஇ வரைக்கும் கூடுதலா விடறோம்னு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அறிவிச்சிருக்கு. கோட்டா கூடினதும் விலை உடனே இறங்கிடும்னு சொல்ல மாட்டேன், ஏலத்துல ஆளும் கூடினா ஏறத்தான் செய்யும். ஆனா 70,000ங்கிற விலைய நிரந்தரம்னு நம்பி உக்காந்திருக்காதீங்க.

செங்காங்வாசி:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. வருஷம் 11,000ங்கிறது தெளிவா புரிஞ்சுது, இதை வீட்டுக்காரம்மாகிட்டயும் காட்டினேன். துவாஸ் ஷிப்டுக்கு காடி இல்லாம முடியாது, அதனால இப்போதைக்கு வச்சுக்கறேன். இன்னும் ரெண்டு கேள்வி. 10 வருஷம் முடிஞ்சதும் சிஓஇ புதுப்பிக்கிறது லாபமா? லோன் 7 வருஷம் போட்டது, இன்னும் 2 வருஷம் பாக்கி, நடுவுல வித்தா எவ்வளவு போகும்?

ஊபி அண்ணன்:

புதுப்பிச்சா பார்ஃப் 8,000 மொத்தமா போயிடும், அதையும் செலவுல சேத்துக்கங்க. கட்டவேண்டியது பிகியூபி, கடைசி 3 மாச சிஓஇ சராசரி. 10 வருஷத்துக்கு முழுசா கட்டலாம், 5 வருஷத்துக்கு பாதி கட்டலாம், ஆனா 5 எடுத்தா மறுபடி புதுப்பிக்க முடியாது. சாலை வரி வருஷா வருஷம் 10% கூடி 50% வரைக்கும் போகும், இன்ஸ்பெக்ஷன் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைங்கிறது வருஷா வருஷம் ஆயிடும். அதை 2030ல அன்னைக்கு பிகியூபி பாத்து முடிவு பண்ணுங்க, இப்பவே தலையை உடைச்சுக்காதீங்க. அதுவரைக்கும் சர்வீஸ் ரசீது ஒண்ணு விடாம வச்சிருங்க, ரெண்டு காடி ஒரே டிப்ரிசியேஷன்ல நின்னா ரசீது இருக்கிறதுதான் முதல்ல போகும்.

ஜூரோங் அக்கா:

லோன் பத்தி நான் சொல்றேன். இங்க கார் லோன் வட்டியை பெரும்பாலும் ரூல் ஆஃப் 78 முறையில போடுவாங்க, முதல் வருஷங்கள்லயே பெரும்பங்கு வட்டிய எடுத்துடுவாங்க. நீங்க 5 வருஷம் கட்டிட்டதால மிச்சமிருக்கிற வட்டி கொஞ்சம்தான், சீக்கிரம் அடைச்சா அதுல ஒரு பங்குதான் தள்ளுபடி வரும், கூடவே அபராதமும் இருக்கலாம். விக்கிற யோசனை வந்தா டீலர்கிட்ட பேசறதுக்கு முன்னாடி பேங்க்ல முழுசா அடைக்க எவ்வளவுன்னு எழுத்துல வாங்கிடுங்க. புதுக் காடி விக்கிறவர் உங்க பழசுக்கு 66,000 தர்றேன்னு சொன்னா உடனே சந்தோஷப்படாதீங்க, அந்தக் கூடுதல் காசு புதுக் காடி விலையிலயோ லோன் வட்டியிலயோ ஏறியிருக்கும், ரெண்டு விலையையும் தனித்தனியா எழுதிக் கேளுங்க.