எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலை சமூகப் பணி) ஆசிரியர்களின் ஆய்வு ஆர்வப் பட்டியல்: வேலூர் பக்கம் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சமூகப் பணி மாணவர்கள் ஆய்வு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு பொதுப் பட்டியல் தயாரிக்கிறோம். ஆசிரியர்களே, உங்கள் ஆய்வு ஆர்வத்தை எழுதி அனுப்புங்கள்.

"பெண்கள் மேம்பாடு" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், பத்துப் பேரும் அதையே எழுதினால் மாணவர் எதை வைத்துத் தேர்வு செய்வார்? யாரிடம், எந்த ஊரில், எந்த முறையில் ஆய்வு செய்கிறீர்கள், எந்தத் தாள் நடத்துகிறீர்கள் என்று நான்கு வரி போதும். இப்போது எத்தனை மாணவர்களுக்கு வழிகாட்டுகிறீர்கள் என்பதையும் சேருங்கள். அது தெரியாததால்தான் ஒருவரிடமே எல்லாரும் போய் நிற்கிறார்கள்.

முக்கியமாக, குடியாத்தம் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றும் பெண்களிடம் நேர்காணல் எடுத்துப் பழகியவர்கள் வேண்டும். மடியில் முறம், கையில் இலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசு போச்சு. ஐம்பது கேள்வியை நீட்டினால் பாதிக்கு மேல் "ஆமா"தான் வரும். இலை கொடுத்து பீடி வாங்கிப்போகும் ஏஜெண்ட் பக்கத்தில் இருந்தால் கூலி பற்றிய பதிலை நம்பவே முடியாது. இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக் கேட்கச் சொல்லித்தருபவர் தேவை.

ஆம்பூர் தோல் தொழில், ஜவ்வாது மலைப் பழங்குடியினர், தொழுநோய் மறுவாழ்வு ஆகியவற்றுக்கும் ஆட்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.