ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியில் கோப்புக்குப் போட்ட பூட்டு, மூடித் திறந்தால் நிற்கவில்லை. என்ன வழி?

பாம்பன் தம்பி:
அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பார் (கடலடிப் பாறைத்திட்டு), கல் கிடக்கும் இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை ஓர் உரைக்கோப்பில் வைத்திருக்கிறோம். அரசுப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப், லினக்ஸ், ஈமேக்ஸ். ஒரு வரி இப்படி:

9 08.450 / 79 11.320 கல், வலை விடாதே

வீட்டில் யாராவது பார்க்கத் திறந்து, கை பட்டு ஓர் எண் மாறிவிடுகிறது. கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் பூட்டிக்கொள்கிறது. மூடிவிட்டுத் திறந்தால் பூட்டு போய்விடுகிறது. எப்போதும் பூட்டியே திறக்கணும், புதுப் புள்ளி சேர்க்கும்போது மட்டும் எழுத முடியணும். வழி உண்டா?

தொண்டிக்காரன்:
கோப்பை எதற்குப் பூட்டணும் தம்பி? மாறினால் சேமிக்காமல் மூடச் சொல்லுங்கள், போதும்.

கீழக்கரை அண்ணன்:
போதாது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. உங்கள் வரியில் நிமிடமான 08 என்பது 09 ஆனால் கல் கிடக்கும் இடத்திலிருந்து அவ்வளவு தள்ளிக் காட்டும். அப்பா அதை நம்பி வலையை விட்டால் கல்லில் மாட்டிக் கிழியும்.

தம்பி, நீங்கள் அழுத்தும் விசை ஈமேக்ஸ் திறந்து வைத்திருக்கும் பிரதியை மட்டும்தான் பூட்டுகிறது. வட்டில் கிடக்கும் கோப்புக்கு அது தெரியாது. அதனால் கோப்பின் எழுதும் உரிமையையே எடுத்துவிடுங்கள்: கோப்பு மேலாளரில் வலது சொடுக்கு, பண்புகள், அனுமதிகள், எல்லாருக்கும் ‘படிக்க மட்டும்’. அப்புறம் ஈமேக்ஸ் தானே பூட்டித் திறக்கும். திரையின் கீழ்ப்பட்டையில் இடது ஓரம் பாருங்கள்: %% என்று இருந்தால் பூட்டு, -- என்றால் திறந்திருக்கிறது,  ** என்றால் மாற்றி இன்னும் சேமிக்கவில்லை.

புதுப் புள்ளி சேர்க்க, அதே கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-க்யூ. எழுதிவிட்டு கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-எஸ். ‘எழுதத் தடை உள்ள கோப்பு, ஆனாலும் சேமிக்கவா’ என்று ஆங்கிலத்தில் கேட்கும். ஆமாம் சொன்னால் சேமித்துவிடும். கோப்பின் உரிமை பழையபடியே படிக்க மட்டுமாக இருக்கும். அந்தக் கேள்வி தொல்லை இல்லை தம்பி, அதுதான் உங்களுக்கு வேண்டிய காவல்.

பாம்பன் தம்பி:
அண்ணா, வேலை செய்கிறது. தங்கச்சியை விட்டு விசைப்பலகையில் கண்டபடி தட்டச் சொன்னேன். கீழே ‘படிக்க மட்டும்’ என்று செய்தி வந்ததே தவிர ஓர் எழுத்துகூட விழவில்லை. கோப்பைத் தெரியாமல் அழித்துவிட்டால் இது தடுக்குமா?

கீழக்கரை அண்ணன்:
தடுக்காது. அழிப்பதும் பெயர் மாற்றுவதும் கோப்பு இருக்கும் அடைவின் (ஃபோல்டர்) உரிமையைப் பொறுத்தது. பென்டிரைவில் ஒரு நகல் போட்டு வையுங்கள்.

தொண்டிக்காரன்:
சரி, கல் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. நானும் என் புள்ளிக் கோப்பைப் பூட்டிவிட்டேன்.