வயல் காடாகிப் போனது: நட்டஈடு கேட்க வழி உண்டா?

நெடுங்கேணியான்:
காணிச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இலங்கையில் வவுனியா வடக்கில் நெடுங்கேணிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் வயல், அதோடு ஒட்டி ஒரு ஏக்கர் மேட்டுக்காணி. வயல் அம்மப்பாவின் உறுதிக்காணி (உறுதி உள்ள சொந்தக் காணி), மேட்டுக்காணிக்கு எல்.டி.ஓ. பெர்மிட் (காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசாங்கம் கொடுக்கும் அனுமதிப்பத்திரம்). 1997இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியபோது விட்டுவிட்டு ஓடினோம். சண்டை முடிந்து வந்தும் கண்ணிவெடி எடுத்து முடியும்வரை உள்ளே விடவில்லை. விட்டபோது வயலைக் காணோம். விடத்தலும் ஈச்சையும் ஆளை மறைத்து நிற்கின்றன. உள்ளே நடந்தால் பழைய வரம்பு காலில் தட்டுப்படும். கிணற்றுக்கட்டில் சீமெந்து காய முன்னம் அம்மப்பா ஆணியால் கீறிய 1974 இன்னும் வாசிக்கலாம். அந்தக் கிணற்றுக்கும் வீதிக்கும் நடுவில்தான் இப்போது வன இலாகாவினர் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். கிணறு காட்டுக்குள், நான் வெளியே.

பற்றை துப்புரவாக்கப் பெக்கோ இயந்திரம் பிடித்துக்கொண்டு போனேன். வெட்டினால் வழக்கு என்றார்கள். வந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். காலநிலை மாற்றம், 2030க்குள் நாட்டின் காட்டுப் பரப்பை 32 வீதமாக்க வேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். சரி, ஆக்கட்டும். மழை எனக்கும்தான் வேண்டும், குளம் நிரம்பாவிட்டால் ஏது சிறுபோகம்? ஆனால் அந்த 32 வீதத்துக்குள் என் நாலு ஏக்கரும் சேர்த்தி என்றால் அதற்குக் காசு தருவது யார்? வாங்கவும் இல்லை, எடுத்துவிட்டோம் என்று ஒரு துண்டுக் கடிதமும் தரவில்லை. நட்டஈடு கேட்கலாமா, அல்லது வயலையே திருப்பி எடுக்கலாமா? மூல உறுதி 2009இல் தொலைந்துவிட்டது.

சங்கிலிக்காரன்:
தம்பி, வயலையும் மேட்டுக்காணியையும் ஒரே கடிதத்தில் எழுதிக் குழப்பாதீர்கள். ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கக் கூடியது அரச காணியைத்தான். உறுதிக்காணி தேவையென்றால் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல் ஒட்டி, விலை மதித்து, நட்டஈடு கொடுத்து எடுக்க வேண்டும். கல் நட்டதால் உரிமை போகாது. சிக்கல் என்னவென்றால், 'நாங்கள் எடுக்கவில்லையே' என்று அவர்கள் சொல்லும்வரை நட்டஈட்டுப் பேச்சும் தொடங்காது. எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சொத்துரிமை இல்லை. அதனால் முதல் வேலை காசு கேட்பதல்ல, அது வயல் என்று நிறுவுவது.

வவுனியா காணிப் பதிவகத்தில் உறுதி பதிந்திருந்தால் பிரதி எடுக்கலாம். கமநல சேவை நிலையத்தில் வயற்காணிப் பதிவேட்டைக் கேளுங்கள், ஏக்கர் வரி கட்டிய துண்டு ஒன்று வீட்டில் கிடந்தாலும் பத்திரப்படுத்துங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய, மைலுக்கு ஒரு அங்குல அளவில் கீறிய வரைபடத்தாளும் 1956 வான்படமும் எடுத்துப் பாருங்கள். மரத்தையும் பார்க்கத் தெரிய வேண்டும். பாலையும் வீரையும் பருத்து நின்றால் பழங்காடு. விடத்தலும் ஈச்சையும் ஒரே மட்டத்தில் நின்று அடியில் வரம்பும் இருந்தால் விட்டுப்போன காணி. இதை ஒரு அளவையாளரைக் கொண்டு அறிக்கையாக எழுதி வாங்குங்கள்.

மேட்டுக்காணி 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அது அரச காணிதான், உங்களுக்கு இருப்பது நிபந்தனையோடு கூடிய உரிமை. பிரதேச செயலகத்துப் பேரேட்டில் அம்மப்பாவின் பெயரும் பின்னுரிமையாளர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கேட்கக்கூடியது மாற்றுக்காணி.

குளக்கட்டு:
நெடுங்கேணியான் அண்ணை சொல்வதை நம்புகிறேன். ஆனால் எங்கள் பக்கம் 'அப்பாவின் வயல்' என்று சொல்லி முதிரைக்காட்டுக்குள் பெக்கோ இறக்கியவர்களையும் பார்த்தேன். வயல் விதைக்கவே இல்லை, மரம்தான் இரவோடு இரவாகப் போனது. இப்போது யானை ஊருக்குள் வருகிறது. அவர்களால்தான் உண்மையான காணிக்காரனுக்கும் அவமானம்.

சிட்னிவாசி:
இந்தப் பிரச்சினை இங்கேயும் நடந்தது. கியோட்டோ காலநிலை உடன்படிக்கையில் ஆஸ்திரேலியாவுக்கு 1990ஐ விட 8 வீதம் கூடுதலாகப் பச்சைவீட்டு வாயு வெளியிட அனுமதி கிடைத்தது. காடு வெட்டியதால் வந்த வெளியீட்டையும் 1990 கணக்கில் சேர்க்க விட்டார்கள். அதனால் பிறகு வெட்டுவது குறைந்தாலே இலக்குக்குப் பாதி வழி வந்துவிடும். மரம் வெட்டத் தடை போட்டவை மாநிலங்கள், நியூ சவுத் வேல்ஸ் சட்டம் 2003. மத்திய அரசு சொத்து எடுத்தால் நியாயமான ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு, மாநில அரசை அது கட்டாது. நல்ல கெட்டித்தனம்! பீட்டர் ஸ்பென்சர் என்ற விவசாயி 2009 கடைசியில் தன் பண்ணையில் ஒரு கம்பத்தில் ஏறி 52 நாள் உண்ணாவிரதம் இருந்தார். மத்திய அரசுக்கு எதிரான அவருடைய வழக்கைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று 2010இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2015இல் தோற்றுப்போனார். குயீன்ஸ்லாந்து மாநிலம் விவசாயிகளுக்கு உதவ 15 கோடி டொலர் ஒதுக்கியது. ஸ்பென்சருக்குக் காணி கையில் இருந்தது, வெட்டத்தான் முடியவில்லை. உங்களுக்கு உள்ளே போகவே முடியவில்லை.

நெடுங்கேணியான்:
குளக்கட்டு, உண்மை. வெட்டி விற்றவனைப் பிடியுங்கள், நானும் சாட்சி சொல்கிறேன். சங்கிலியண்ணை, மேட்டுக்காணிக்கு மாற்றுக்காணி தந்தால் எடுப்பேன். வயலுக்கு மாட்டேன். குளத்து வாய்க்கால் பாயும் வயலுக்கு மாற்றாக எந்த மேட்டைத் தருவார்கள்? வான்படத்துக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

சங்கிலிக்காரன்:
தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில். முதலில் வவுனியா அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது கிணறு இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். புள்ளியாகக் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் எந்தப் படம் என்று தேடுவதிலேயே பகல் போய்விடும்.