பறக்கும்போது ஆல்டர்நேட்டர் (விமானத்துக்கு கரன்ட் தயாரிக்கறது) போனா ஊருக்கே வந்துரலாமா, பக்கத்துலயே இறங்கிரணுமா?

புதுச்சிறகு:
வணக்கம். செஸ்னா 172-ங்கற சின்ன விமானத்துல பைலட் ட்ரெயினிங் போயிட்டிருக்கு, இப்பதான் சோலோ கிராஸ் கன்ட்ரி (தனியா வேற ஊருக்கு பறந்துட்டு வரது) ஆரம்பம். போன வாரம் இன்ஸ்ட்ரக்டரோட திரும்பி வரும்போது லோ வோல்ட்ஸ் லைட் எரிஞ்சுது, அம்மீட்டர் மைனஸ்ல நிக்குது, அதாவது பேட்டரி சார்ஜ் ஆகல, கரையுது. ஆல்டர்நேட்டர் சுவிட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணோம், லைட் போகல. நம்ம ஃபீல்டுக்கு 40 நிமிஷம் இருக்கு, கீழயே சின்ன ஏர்ஸ்ட்ரிப் ஒண்ணு தெரியுது, அவரு ஒரு நிமிஷம்கூட யோசிக்காம அங்க இறக்கிட்டாரு. நல்ல பகல் வெளிச்சம், மேகமே இல்ல, எஞ்சின் மேக்னெட்டோல (ஸ்பார்க்குக்கு வேண்டிய கரன்ட்ட தானே தயாரிச்சுக்கறது) ஓடுது, கரன்ட் போனாலும் நிக்காது. அப்புறம் எதுக்கு இறங்கணும்? நான் தனியா இருந்திருந்தா கண்டிப்பா ஊருக்குத்தான் வந்திருப்பேன், அதான் மனசுக்குள்ள உறுத்திட்டே இருக்கு.

ஓடுபாதை09:
தம்பி, உங்க இன்ஸ்ட்ரக்டர் செஞ்சது சரி. எஞ்சின் நிக்காதுங்கறது உண்மைதான், ஆனா ஆல்டர்நேட்டர் போன நிமிஷத்துலேர்ந்து பேட்டரி கரைஞ்சுகிட்டே இருக்கு, அது எவ்வளவு நேரம் தாங்கும்னு யாராலயும் சரியா சொல்ல முடியாது. புது பேட்டரிக்கு சொன்ன கணக்கு மூணு வருஷம் ஓடின பேட்டரிக்கு வராது.

1983 அக்டோபர் 11, அமெரிக்காவுல இலினாய்ஸ். ஏர் இலினாய்ஸ் 710, நம்ம ஊர்ல ஆவ்ரோன்னு சொல்லுவோமே அந்த எச்எஸ் 748 விமானம். ராத்திரி ஸ்பிரிங்ஃபீல்ட்லேர்ந்து கிளம்பின கொஞ்ச நேரத்துலயே இடது ஜெனரேட்டர் போயிருச்சு, அவசரத்துல கோ-பைலட் நல்லா இருந்த வலது ஜெனரேட்டரப் போய் துண்டிச்சுட்டாரு, அது திரும்ப சேரவே இல்ல. ஸ்பிரிங்ஃபீல்ட் முதுகுக்குப் பின்னாடியே இருக்கு. கேப்டன் திரும்பல, பேட்டரிய நம்பி கார்பன்டேல் வரைக்கும் போகலாம்னு மேகத்துக்குள்ள போனாரு. கிளம்பி அரை மணி சொச்சத்துல, பிங்க்னிவில் பக்கத்துல விழுந்துச்சு, உள்ள இருந்த 10 பேரும் போயிட்டாங்க. அந்த ரிப்போர்ட்ட படிக்கறப்பல்லாம் எனக்கு வயிறு கலங்கும். விசாரணையில முக்கிய காரணமா சொன்னது ஜெனரேட்டர இல்ல, திரும்பாம மேல போன முடிவைத்தான்.

உங்களுக்கு பகல், சரி. அந்த 40 நிமிஷத்துல மேகம் வந்தா? ஊர்ல டிராஃபிக் அதிகமா இருந்து ரேடியோ செத்துருந்தா?

பழைய_மெக்கானிக்:
ஒருதடவ ஆஃப்-ஆன் பண்ணது சரி, ஓவர்வோல்டேஜ்ல ட்ரிப் ஆகியிருந்தா அதுலயே வந்துரும். வரலன்னா விட்டுருங்க. கரன்ட் அதிகமானா தானா வெளிய வந்து துண்டிக்கற சர்க்யூட் பிரேக்கர திரும்பத் திரும்ப அமுக்கறவங்கள எத்தனையோ பேர பாத்துட்டேன், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. பிரேக்கர் இருக்கறது வயரக் காப்பாத்த. அது வெளிய வந்துச்சுன்னா எங்கயோ சூடாகுதுன்னு அர்த்தம்.

2007 ஜூலை 10, ஃபுளோரிடா சான்ஃபோர்டுல ஒரு செஸ்னா 310. முந்தின நாள் ஓட்டினவரு வெதர் ரேடார் அணைஞ்சு கருகுற வாசனை வருதுன்னு பிரேக்கர இழுத்துவிட்டு, இறங்கினதும் எழுதியும் வச்சாரு. அத சரி பண்ணாமலே மறுநாள் பறந்தாங்க. வானத்துலயே புகை, வீடுங்க மேல விழுந்து விமானத்துல 2 பேர், தரையில 3 பேர் போயிட்டாங்க.

வாசனையோ புகையோ வந்தா கதையே வேற, மொத்த கரன்ட்டையும் நிறுத்தற மாஸ்டர் சுவிட்ச் உடனே ஆஃப், ரேடியோ போனா போகட்டும். மேக்னெட்டோ சாவியில மட்டும் கை வச்சிராதீங்க!

இரட்டை_எஞ்சின்:
"எஞ்சின் நிக்காது"ங்கறத எல்லா விமானத்துக்கும் எடுத்துக்காதீங்க நண்பா. 2007 மார்ச்ல ஜெர்மனி ஸ்பையர்ல ஒரு டயமண்ட் டிஏ42, பேட்டரி டவுன், வெளி பவர்ல ஸ்டார்ட் பண்ணி கிளம்பினாங்க, சக்கரத்த உள்ள இழுத்ததும் வோல்டேஜ் விழுந்து ரெண்டு எஞ்சினோட கம்ப்யூட்டரும் ரீசெட் ஆகி ரெண்டுமே நின்னுபோச்சு. அதுல மேக்னெட்டோ கிடையாது, டீசல், கம்ப்யூட்டருக்கு கரன்ட் இருந்தாதான் ஓடும்.

புதுச்சிறகு:
அண்ணே எல்லாருக்கும் நன்றி. 710 கதை தெரியாது, தெரிஞ்சிருந்தா இந்த கேள்வியே கேட்டிருக்க மாட்டேன். இன்னொண்ணு, கன்ட்ரோல் டவர் இருக்கற ஃபீல்டுக்குத்தான் போகணும்னா வரிசையா என்ன செய்யணும்?

ஓடுபாதை09:
பேட்டரியில உயிர் இருக்கும்போதே டவர்கிட்ட பேசிருங்க, நிலைமைய சொல்லுங்க, அப்புறம் வாய மூடிக்கோங்க, கேக்கறதவிட பேசறதுதான் பேட்டரிய ரொம்ப தின்னும். பிட்டோ ஹீட் (வேகம் அளக்கற குழாய்க்கு சூடு), லேண்டிங் லைட், ரெண்டாவது ரேடியோ எல்லாம் ஆஃப். ரேடியோ போயிருச்சுன்னா டிரான்ஸ்பாண்டர்ல (ரேடாருக்கு நம்ம விமானத்த அடையாளம் காட்டற கருவி) 7600, ரேடியோ போச்சுங்கறதுக்கான கோட். டவர்லேர்ந்து நம்ம மேல காட்டற சிக்னல் லைட்ட பாத்துகிட்டே வாங்க: அணையாம பச்சை எரிஞ்சா இறங்கலாம், அணையாம சிவப்புன்னா வழிவிட்டு சுத்திகிட்டே இருக்கணும், சிவப்பு விட்டுவிட்டு எரிஞ்சா அந்த ஃபீல்ட் பாதுகாப்பில்ல, இறங்கக்கூடாது. 172-ல ஃபிளாப் (மெதுவா இறங்க இறக்கையில கீழ இறக்கற பலகை) கரன்ட்லதான் ஓடும், முழுசா இறக்கிட்டு பேட்டரி செத்துச்சுன்னா கோ-அரவுண்டுக்கு (இறங்காம திரும்ப மேல ஏறறதுக்கு) ஃபிளாப்ப ஏத்த முடியாது, அதனால ஃபிளாப் இல்லாமலே கொஞ்சம் வேகமா, நீளமான ரன்வேயில இறங்குங்க. அடுத்த க்ளாஸ்லயே இன்ஸ்ட்ரக்டர்கிட்ட ஃபிளாப் இல்லாத லேண்டிங் நாலஞ்சு கேட்டு வாங்கி பண்ணிருங்க தம்பி.